உதாரணத்துக்கு எங்கள் வீடு

புத்தகத்தை எழுதியவளிடமே புத்தகக் கட்டைக் கொடுத்து, "எல்லார் மேசையிலயும் ஒண்ணொண்ணு வெச்சிடுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார் பியூன். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அட்டையில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் எழுதினார் என்று நம்புகிற அப்பாவி மனுஷன். உலகத்தில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள், மீதிக் கால்வாசிப் பேர் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

அட்டையில் 'கவிதைக்கும் கதைக்கும் அடிப்படைச் சொற்கள்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே துறைத்தலைவரின் பெயர், பெயருக்குப் பின்னால் பட்டங்கள், பட்டங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பட்டங்கள். பின்னட்டையில் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எங்கோ தூரத்தில் பார்க்கிற போட்டோ. பல் வலிக்காரர் மாதிரி இருந்தார்.

அவள் சும்மாதான் பிரித்தாள். நடுவில் ஒரு பக்கம் வந்தது.

'முரண்நகை: நடக்க வேண்டியதற்கு நேர்மாறாக ஒன்று நடந்து, நம்மைப் பார்த்துப் பல்லைக் காட்டுவது. உதாரணம்: ஊருக்கெல்லாம் கடிகாரம் பழுது பார்த்துக் கொடுத்த அப்பா, ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வீடு வந்ததில்லை.'

அவளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. அது அவளுடைய அப்பா. கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு, ஊரார் கடிகாரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்பது மணிக்கு வந்த அவளுடைய சொந்த அப்பா. செத்துப் பதினோரு வருஷமாகிறது. அவரை இந்த மனுஷன் எங்கே பார்த்தார்?

பக்கத்தைத் திருப்பினாள். 'குறியீடு: ஒரு பொருள் தன்னையும் தாண்டி இன்னொன்றைச் சொல்வது. உதாரணம்: அம்மா போன பிறகும் அப்பா ராத்திரி இரண்டு டம்ளரில்தான் தண்ணீர் வைத்தார்.' இன்னொரு பக்கம். 'உயர்வு நவிற்சி: உள்ளதை ஊதிப் பெரிதாக்கிச் சொல்வது. உதாரணம்: உனக்குச் சட்டை தைத்தே என் ஆயுசில் பாதி போய்விட்டது என்றாள் அக்கா.' இன்னொரு பக்கத்தில் உருவகத்துக்கு விளக்கம். அது முடிகிற இடத்தில், இடைவெளிகூட விடாமல், அச்சில் ஒரு வரி: 'இதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஜன்னல் பக்கம் என்ன வேடிக்கை?'

அந்த ஒரு வரியில் எல்லாம் விளங்கிவிட்டது.

அவளை அந்தக் கல்லூரியில் 'உதாரணம் மிஸ்' என்பார்கள். எந்தச் சொல்லைச் சொன்னாலும் மறு மூச்சில் "உதாரணத்துக்கு எங்க வீட்டையே எடுத்துக்கோங்க" என்பாள். அவள் எதையும் எழுதி வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவள் இல்லை. வாயால் சொல்வாள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். கேட்டது கேட்டபடி, திட்டினால் திட்டினபடி எழுதுகிற பிள்ளைகள். அந்த நோட்டு அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குக் கைமாறும். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் நகலுக்கு நகல் எடுத்து, சுருள் கம்பி போட்டு, மேலே 'மிஸ் நோட்ஸ்' என்று எழுதி விற்பார்கள். எந்த மிஸ் என்று எவனும் எழுதவில்லை. அந்தக் கல்லூரியில் பதினான்கு மிஸ் இருந்தார்கள்.

துறைத்தலைவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'தலைப்பு சார்'. பலகையில் தலைப்பை எழுதுவார், "இதைப் பத்தி யோசிச்சு வைங்க" என்பார், வெளியே போய்விடுவார். இருபது வருஷமாகப் பிள்ளைகள் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த மனுஷன் கடையில் ஒரு சுருள் கம்பி நோட்டை வாங்கி, ஒரு வரிகூடப் படித்துப் பார்க்காமல், தட்டச்சுக்கு அனுப்பியிருக்கிறார். திருடினதுதான் திருடினார், ஒரு தடவை வாசித்துப் பார்க்கிற உழைப்பாவது உழைத்தாரா? அதுவும் இல்லை.

கட்டை அப்படியே போட்டுவிட்டு, ஒரே ஒரு பிரதியோடு அவர் அறைக்குள் போனாள்.

"வாங்க மிஸ். புத்தகம் பாத்தீங்களா? தாள்தான் கொஞ்சம் மட்டம். அடுத்த பதிப்புல சரி பண்ணிடலாம்."

"சார், இது என்னோட பாடம்."

"எது உங்க பாடம்? உவமையை நீங்களா கண்டுபிடிச்சீங்க? எத்தனையோ நூறு வருஷமா இருக்கு அது. பொதுச் சொத்து."

"உவமை பொது சார். எங்கப்பா பொது இல்ல."

அவர் சிரித்தார். "எல்லாருக்கும்தான் அப்பா இருந்தார். எனக்கும் இருந்தார்."

"உங்கப்பா கடிகாரம் ரிப்பேர் பண்ணாரா?"

"கற்பனை மிஸ், கற்பனை. எழுதறவனுக்கு அது வேணும்."

"ஜன்னல் பக்கம் என்ன வேடிக்கைன்னு அச்சுல வந்திருக்கே, அதுவும் கற்பனையா?"

அவர் வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு விநாடி கறுத்தது. ஒரே விநாடிதான். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது வாசகனை நேரடியா விளிக்கிற உத்தி. இதெல்லாம் உங்களுக்கு நானா சொல்லணும்?"

அடப்பாவி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூடக் கொஞ்சம் சோறாவது வைத்திருப்பான். இவர் வெறும் தட்டில் மறைத்தார்.

அவள் பதினோரு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. வருஷா வருஷம் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் வேலை. அடுத்த மாதம் நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு. புத்தகம் போட்டவர்களுக்கே முதல் இடம் என்று அறிவிப்பிலேயே இருந்தது. ஒரே காலியிடம், அதற்கு இருபத்தேழு பேர். இந்தப் புத்தகத்தில் அவள் பெயர் வந்தால் வேலை அவளுக்கு. வராவிட்டால், இப்போது அவரை எதிர்த்துப் பேசியதற்கே வருகிற வருஷம் கையெழுத்து விழாது. அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்கே கல்லூரி முதல்வரிடம் புகார் எழுதிக் கொடுத்தாள். முதல்வர் அம்மா நியாயமான மனுஷி, ஆனால் ஓய்ந்துபோன மனுஷி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நீங்க சொல்றதை நான் நம்பறேம்மா. நம்பிக்கையை ஃபைல்ல வைக்க முடியாதே. அவரும் தன் கிளாஸ்ல தானே டிக்டேட் பண்ணினதுங்கிறார். வர்ற வியாழக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. சாட்சி யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க."

பிள்ளைகளைக் கேட்டாள். தாழ்வாரத்தில் "கண்டிப்பா வர்றோம் மிஸ்" என்றார்கள். மறுநாள் ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருவனுக்குப் பாட்டி சாவு, ஒருவனுக்கு அதே பாட்டி இரண்டாம் தடவை சாவு. உள்மதிப்பெண் முழுக்க தலைப்பு சார் கையில். பிள்ளைகளைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்குப் போனபோது அக்கா தையல் மிஷினில் இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடைகள் ஒரு பக்கம் வெட்டினதும் ஒரு பக்கம் தைத்ததுமாக மலையாகக் கிடந்தன. அக்காவுக்கு உதட்டில் நான்கு குண்டூசி, கழுத்தில் அளவு டேப். பேச்சு குண்டூசிகளுக்கு நடுவில்தான் வரும், ஆனாலும் ஒரு எழுத்து பிசகாது.

அக்கா ஆறு வருஷம் மூத்தவள். கல்யாணமாகி நான்காவது வருஷம், புருஷனுக்கு வேறு ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்து, ஒற்றைப் பெட்டியோடு திரும்பி வந்தவள். வந்த வாரமே மிஷினில் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. தங்கச்சியின் எம்.ஏ. அந்த மிஷினில் தைத்தது. அதை அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சட்டை தைத்ததைத்தான் சொல்லிக் காட்டுவாள்.

தங்கச்சி புத்தகத்தை எடுத்துக் கடிகாரத்தையும் டம்ளரையும் படித்துக் காட்டினாள். அக்கா மிஷினை நிறுத்தினாள். ஊசிகளை ஒவ்வொன்றாக உதட்டிலிருந்து எடுத்துத் துணியில் குத்தினாள்.

"எவன்டி அவன்? அப்பா டம்ளரைத் தொட்டவன்?"

"எங்க துறைத்தலைவர்."

"தலைவரோ வாலோ. நம்ம வீட்டுல வந்து தின்னானா, படுத்தானா? அப்பா ரெண்டு டம்ளர் வெச்சது உனக்கும் எனக்கும் தவிர யாருக்குத் தெரியும்? வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?"

"நீ எதுக்கு அங்க…"

"எத்தனை மணிக்குன்னு கேட்டேன்."

அந்த ராத்திரி இருவரும் உட்கார்ந்து தங்கள் வீட்டு உதாரணங்களை எண்ணினார்கள். கவிதைப் பகுதியில் எட்டு, கதைப் பகுதியில் பதினொன்று. பத்தொன்பதுக்கும் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டார்கள். கடைசியில் பின்னிணைப்பு என்று நான்கைந்து பக்கம் இருந்தது, அதை அவர்கள் திறக்கவில்லை. பத்தொன்பது போதாதா ஒருவனைப் பிடிக்க?

வியாழக்கிழமை முதல்வர் அறையில் நான்கு நாற்காலி. அக்கா அவசரத்தில் கழுத்து டேப்போடு வந்துவிட்டாள். துறைத்தலைவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "அளவெடுக்க வந்திருக்காங்களா?"

"ஆமா சார். எடுத்தாச்சு" என்றாள் அக்கா.

முதல்வர் அம்மா புத்தகத்தை எடுத்து, பென்சில் கோட்டைப் பார்த்து ஆரம்பித்தார். "'உவமை. உதாரணம்: பிடிவாதம் பிடிக்கிற குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகிறவர் போல…'"

"'அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்'" என்று முடித்தாள் அக்கா. "செயின் கழண்ட சைக்கிள் மேடம். வாரத்துல ரெண்டு நாள் அவர் அதுல வருவார், அஞ்சு நாள் அது அவரோட வரும்."

முதல்வர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கோட்டுக்குப் போனார். அக்கா அதையும் முடித்தாள். அதற்கு அடுத்ததையும். புத்தகத்தில் இருந்தது ஒரு வரி, அக்காவிடம் இருந்தது ஒரு கதை. நோக்குநிலைக்கு உதாரணமாக உடைந்த ஜன்னல் கண்ணாடி ஒன்று வந்தது. உடைத்தவள் சொன்னால் காற்று, வீட்டுக்காரர் சொன்னால் பந்து. "பந்துதான் மேடம்" என்றாள் அக்கா. "உடைச்சது இதோ உக்காந்திருக்காளே, இவ. அடி வாங்கினது நான்." ஒன்பதாவது உதாரணத்தில் முதல்வர் அம்மா புத்தகத்தை மூடினார். "இது போதும்னு நினைக்கிறேன் சார்."

துறைத்தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன மேடம் போதும்? கோடு போட்டு, மனப்பாடம் பண்ணி, ஒத்திகை பாத்துட்டு வந்திருக்காங்க. இப்படி யார் வேணா ஒப்பிக்கலாம். கோடு போடாத எடம் ஒண்ணை நான் படிக்கிறேன். அதுவும் அவங்க வீடான்னு சொல்லட்டும்." புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கடைசிப் பக்கங்களைத் திருப்பினார். "பின்னிணைப்பு. 'நாடக முரண்.'"

அந்தச் சொல் காதில் விழுந்தவுடனேயே அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள், ஒரே ஒரு நாள், வகுப்பில் என்னமோ ஒரு கோபத்தில் சொன்னது. சொன்னதை அவளே மறந்துவிட்டாள். எழுதின பிள்ளை மறக்கவில்லை.

"சார், அது வேண்டாம்" என்றாள்.

"பாத்தீங்களா மேடம்? பயம் வந்துடுச்சு." அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். இருபது வருஷத்தில் அவர் ஒழுங்காக நடத்திய முதல் பாடம் அதுவாகத்தான் இருக்கும்.

"'நாடக முரண்: மேடையில் நிற்பவருக்குத் தெரியாத ஒன்று, பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரிந்திருப்பது. உதாரணம்: ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் ஏற்கெனவே மனைவியும் பிள்ளையும் உண்டு. போட்டோ எடுக்கிறவனுக்குத் தெரியும். மணப்பெண்ணின் அத்தைக்குத் தெரியும். கூடப்பிறந்த தங்கைக்கும் தெரியும். சிரித்துக்கொண்டு நிற்கிற மணப்பெண்ணுக்கு மட்டும் தெரியாது. பார்த்தவர்களில் ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் நாடகம் அங்கேயே முடிந்திருக்கும். இதைப் பரீட்சையில் கேட்பார்கள்.'"



இல்லை, அது எங்கள் வீடு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவுக்கு ஒன்றும் தெரியாமல் போய்விடும். ஆனால் சொன்னால் துறைத்தலைவர் எழுந்து நிற்பார், இது இல்லையென்றால் மற்றதும் இல்லை என்பார், புத்தகம் போகும், வேலை போகும். அவள் வாயைத் திறந்தாள். எதற்காகத் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சத்தம் வரவில்லை.

அக்கா அவள் பக்கம் திரும்பவே இல்லை. "இன்னொரு தடவை படிங்க சார்" என்றாள்.

துறைத்தலைவர் சந்தோஷமாக இன்னொரு தடவை படித்தார்.

"ம்" என்றாள் அக்கா. கழுத்து டேப்பை எடுத்து, இஞ்ச் இஞ்ச்சாகச் சுருட்டினாள். அப்புறம் முதல்வர் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "இதுவும் எங்க வீடுதான் மேடம். அந்தப் பொண்ணு நான்தான். மாப்பிள்ளை சட்டையில அன்னிக்கு மேல் பட்டன் இல்ல. மேடையில வெச்சே நான்தான் தெச்சுக் கொடுத்தேன். எல்லாரும் கை தட்டினாங்க. எழுதிக்கோங்க."

துறைத்தலைவர் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

அதற்கப்புறம் எல்லாம் சட்டுச் சட்டென்று முடிந்தது. விற்ற பிரதிகளைத் திரும்ப வாங்க வேண்டும், புது அட்டை போட வேண்டும், துறைத்தலைவர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்றார் முதல்வர் அம்மா. "நேர்முகத் தேர்வுக்கு முன்னாலயே புது அட்டை வந்துடும்மா" என்றார். "உங்க அக்காவுக்கு நீங்க கோயில் கட்டணும்."

ஜெயித்துவிட்டாள். வெளியே தாழ்வாரத்தில் நடக்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை, ஆனால் சந்தோஷத்தில் இல்லை.

"அக்கா."

அக்கா படிக்கட்டில் நின்றாள். "எப்போ தெரியும்?"

"முந்தின நாள் சாயங்காலம். அத்தை யார்கிட்டயோ பேசிட்டிருந்தாங்க. நான் கேட்டுட்டேன். வாயைத் திறந்தா கல்யாணம் நின்னுடும், அப்பா தூக்குல தொங்குவார்னு அத்தை சொன்னாங்க. எனக்குப் பதினேழு வயசு அக்கா."

"எனக்கு இருபத்திமூணு." அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாலு வருஷம்டி. நாலு வருஷம் அவனுக்குச் சோறு போட்டேன். திரும்பி வந்தப்போ என்னைக் கட்டிப் பிடிச்சுட்டு அழுதியே, 'இப்படின்னு யாருக்குமே தெரியாதே அக்கா'ன்னு. அதுக்கு உங்க புத்தகத்துல என்ன பேரு?"

அதற்கு ஒரு பெயர் இருந்தது. அவள் சொல்லவில்லை.

"எனக்குச் சொல்லாததை அறுபது புள்ளைங்களுக்குச் சொல்லியிருக்கே. எழுதிக்கோ, பரீட்சையில வரும்னு. அந்த ஆள் திருடன். சரி. அவன் உன்கிட்ட எடுத்தான். நீ யார்கிட்ட எடுத்தே? என்னைக் கேட்டியா?"

இத்தனை நாள் எரிந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. தன்னை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து முதல்வர் அறை குமாஸ்தா ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "மிஸ், மிஸ்! அச்சகத்துக்கு இப்பவே போன் பண்றாங்களாம். புது அட்டையில உங்க பேரு எப்படி வரணும்னு எழுதித் தரச் சொன்னாங்க. உள்ள ஏதாவது திருத்தம் இருந்தாலும் போட்டுடலாமாம்."

அவள் தாளை வாங்கினாள். "அக்கா, அந்தப் பக்கத்தை எடுத்துடச் சொல்றேன். பின்னிணைப்பே வேண்டாம்."

"எதுக்கு எடுக்கணும்? நான் என்ன தப்பு பண்ணேன், என்னை எடுக்க?" அக்கா சுருட்டின டேப்பைக் கைப்பையில் போட்டு மூடினாள். "இருக்கட்டும். அட்டையில உன் பேரைப் பெரிசாப் போட்டுக்கோ, உன் உழைப்பு, நான் வேண்டாங்கல. ஆனா உள்ள 'தங்கை'ன்னு மொட்டையா விடாதே. பேரு போடலை பேரு போடலைன்னு ஒரு வாரமா குதிச்சியே, அங்கயும் போடு."

சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். வாசல் தாண்டிப் பஸ் நிறுத்தம் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை.

குமாஸ்தா காத்துக்கொண்டு நின்றார். அவள் கைப்பிடிச் சுவரில் தாளை வைத்து, அட்டைக்கு என்று ஒரு வரி எழுதினாள். அதற்குக் கீழே பின்னிணைப்பு, நாடக முரண், ஐந்தாவது வரி என்று குறித்து, 'தங்கைக்கும்' என்ற இடத்தில் வர வேண்டியதை எழுதிக் கொடுத்தாள்.

குமாஸ்தா வாசித்துப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "என்ன மிஸ், ரெண்டு எடத்துலயும் ஒரே பேரா இருக்கு? கல்யாண உதாரணத்துல தப்பா உங்க பேரு விழுந்திருக்கே."

"தப்பா இல்ல" என்றாள். "அப்படியே அடிக்கச் சொல்லுங்க."